கிளிப்பின் நிழல்

கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்றிலிருந்து அந்தப் பல் மருத்துவமனையில் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

சோதனைச்சாலை அனுப்பிய அந்தக் கடிதத்தில் முக்கியமாக இருந்தது ஓர் எண். எக்ஸ்ரே எடுக்கும் பெண் சட்டையில் மாட்டிக்கொள்ளும் பேட்ஜ், போன மாதம் வாங்கிய கதிர்வீச்சின் அளவு: நூற்றுப் பத்து மில்லிசீவர்ட். அந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் முழுவதற்குமே இருபதுதான் அனுமதி. பல் மருத்துவமனைப் பேட்ஜ்கள் பெரும்பாலும் சோதனைச்சாலைக்குப் போய்ப் பூஜ்யத்தோடு திரும்பி வருபவை.

எக்ஸ்ரே பெண்ணின் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு மூன்றாவது மாதம்.

வியாழக்கிழமை, காலை 11.20.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆய்வாளர் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. கையில் அளவுமானிப் பெட்டி. போகிற இடமெல்லாம் அவளுக்கு மீட்டரம்மா என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அது தன்னைத்தான் என்று புரிய அவளுக்கே ஒரு நொடி ஆகும்.

டாக்டர் எழுந்து நின்று வரவேற்றார். அறுபதைத் தொட்டவர், மருத்துவமனையின் சொந்தக்காரர். மீட்டரம்மா வணக்கம் சொல்லிக்கொண்டே அவருடைய இடது கையின் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். அது அவளுடைய பழக்கம். அவள் அப்பாவும் பல் டாக்டர். இருபது வருடம், நோயாளியின் வாய்க்குள் எக்ஸ்ரே பிலிமைத் தன் இடது ஆள்காட்டி விரலாலேயே பிடித்துக்கொண்டு படம் எடுத்தவர். முதலில் நகத்தில் நெடுக்குக் கோடுகள் விழுந்தன. பிறகு தோல் காய்ந்து வெடித்தது. பிறகு ஆறாத ஒரு புண். கடைசியில் விரலையே எடுத்துவிட்டார்கள். நான்கு விரல் கையால் அவர் தலைவாரிவிட்ட காலைகளை இன்றும் அவள் தலை மறக்கவில்லை.

இந்த டாக்டரின் விரல் வழவழவென்று இருந்தது.

"மெஷின்ல எந்தக் கோளாறும் இல்ல மேடம். போன மாசம் ரெண்டாம் தேதிதான் சர்வீஸ் பண்ணாங்க," என்றார் டாக்டர். "இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, இப்படி ஒரு நம்பர நான் கண்ணால பார்த்ததில்ல. லேப்ல ஏதாவது மாத்திட்டாங்களா?"

"ரெண்டு தரம் பார்த்துட்டாங்க. அந்தப் பொண்ணு எங்க?"

"திங்கக்கிழமையே எக்ஸ்ரே ரூம்லேர்ந்து மாத்திட்டேன். பைல் அடுக்கிட்டு இருக்கா. அழுது அழுது பைலெல்லாம் நனையுது." சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கர்ப்பம்னு எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"போன மாசம் முதல் வாரம். அவ நாத்தனாரும் இங்கதான் வேலை பார்க்கறாங்க, கருவி கழுவற ரூம்ல. அவங்க வந்து சொன்னாங்க. பல் எக்ஸ்ரேலாம் பத்து நிமிஷம் வெயில்ல நிக்கற மாதிரி, போய் வேலையப் பாருங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

மீட்டரம்மா அதைக் குறித்துக்கொண்டாள்.

11.45.

எக்ஸ்ரே பெண் பைல் அறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். கண்ணிமைகள் வீங்கியிருந்தன. மீட்டரம்மா கதவைச் சாத்திவிட்டு எதிரே இருந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"பேட்ஜ எங்க மாட்டுவே?"

"காலர் கிட்ட. உள்ள வந்ததும் மாட்டுவேன். வெளிய போனா வரவேற்புல இருக்கற ஆணில மாட்டிட்டுப் போவேன். வீட்டுக்கு ஒரு நாள் கூடக் கொண்டு போனதில்ல மேடம்."

"படம் எடுக்கும்போது நீ எங்க நிப்பே?"

"கதவுக்கு வெளிய, சுவருக்குப் பின்னால. கண்ணாடி வழியாப் பார்த்துட்டே சுவிட்ச அமுக்குவேன்."

"வாய்க்குள்ள பிலிமப் பிடிக்கறது?"

"ஐயோ, கிடையாது. பிளாஸ்டிக் கிளிப்புதான். நோயாளியே கடிச்சுக்குவாங்க. என் அண்ணி, அதான் என் வீட்டுக்காரரோட அக்கா, அவங்க காலத்துல இந்த ரூம்ல அவங்கதான் இருந்தாங்களாம். அப்பல்லாம் கையாலதான் பிடிப்பாங்களாம்."

"போன மாசம் லீவு போட்டியா?"

"லீவு இல்ல. பதினேழாம் தேதி முதல் ஸ்கேன். பன்னெண்டரைக்குக் கிளம்பி ரெண்டரைக்கு வந்துட்டேன்." ஸ்கேன் என்ற வார்த்தையைச் சொன்னதும் அவள் உதடு கோணியது. மீட்டரம்மா அவசரப்படவில்லை. அழுகைக்கு இடம் விட்டுக் காத்திருப்பது எப்படி என்று இத்தனை வருட வேலையில் அவள் கற்றிருந்தாள்.

"மேடம், இன்னைக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரில வரச் சொல்லியிருக்காங்க."

"எதுக்கு?"

எக்ஸ்ரே பெண் தன் மடியைப் பார்த்தாள். பதில் அங்கேதான் இருந்தது.

"அந்த டாக்டரம்மாகிட்ட லெட்டரக் காட்டினோம். நூறுக்கு மேல போயிருந்தா குழந்தைக்குக் குறை வர வாய்ப்பிருக்கு, முடிவு உங்க கையிலன்னு சொல்லிட்டாங்க. இவரு மூணு நாளா வாயே திறக்கல. மூணரைக்கு பைக்கோட வந்து நிப்பாரு."

"உன் நாத்தனாருக்குத் தெரியுமா?"

"மூச்! பக்கத்துத் தெருதான், ஆனா சொல்லல. அண்ணிக்கு ஒரு குழந்தை ஏழாம் மாசத்துல தவறிப்போச்சு. அப்புறம் தங்கவே இல்ல. இத கேட்டா உசிர விட்டுடுவாங்க. தானாக் கலைஞ்சதுன்னு சொல்லிக்கலாம்னு இருக்கோம்."

மீட்டரம்மா மணியைப் பார்த்தாள். 11.58. நான்கு மணி நேரம். ரத்தத்தைச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். உடம்பு வாங்கிய கதிரை ரத்த அணுக்கள் மறைப்பதில்லை. ஆனால் அந்தச் சோதனைக்கு மூன்று வாரம் ஆகும்.

"சுவருக்குப் பின்னால நிக்கறவளுக்கு நூத்திப்பத்து வர வழியே தெரியலம்மா எனக்கு," என்றாள். "ஆனா சும்மா வாய் வார்த்தையா சொன்னா உனக்கும் ராத்திரி தூக்கம் வராது, எனக்கும் வராது. மூணு மணி வரைக்கும் டைம் குடு."

12.15.

டாக்டரின் மேசைமேல் எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டி இருந்தது. மீட்டரம்மா அதை எரியவிட்டு, சோதனைச்சாலையிலிருந்து வாங்கி வந்திருந்த பிலிமை அதன்மேல் வைத்தாள். பேட்ஜ் என்பது தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் கூடு. முன்பக்கம் போட்டுக்கொள்பவரின் புகைப்படம். பின்பக்கம் சட்டையைக் கவ்வும் இரும்புக் கிளிப். உள்ளே இந்தப் பிலிம். அதன் இரு புறமும் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள். கதிர் பட்டால் பிலிம் கறுக்கும். எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதை வைத்து அளவைச் சொல்வார்கள். சோதனைச்சாலைக்காரர்கள் கருமையை அளந்தார்கள். அதில் இருந்த படத்தை அவர்கள் பார்க்கவில்லை.

பிலிம் நன்றாகக் கறுத்திருந்தது. அதில் நான்கு சதுர நிழல்கள், பிளேடால் வெட்டியது போல விளிம்பு. சதுரங்களுக்குக் குறுக்கே இன்னொரு நிழல்: ஒரு வளைவு, இரண்டு பல். மீட்டரம்மா தன் காலரில் இருந்த பேட்ஜைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். அதே வளைவு. அதே இரண்டு பல்.

கிளிப்.

அவள் விளக்கை அணைத்துவிட்டு அளவுமானிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

12.40.

எக்ஸ்ரே அறையில் மெஷினின் குழல் வாயில் அளவுமானியை வைத்தாள். வெளியே வந்து, சுவருக்குப் பின்னால் நின்று சுவிட்சை அமுக்கினாள். நீளமாக ஒரு 'பீ…ப்'. மானியில் 2.4 மில்லிசீவர்ட். உடனே மறுபடி அமுக்கிப் பார்த்தாள். மெஷின் அசையவில்லை. சூடு தணிய அரை நிமிடம் வேண்டும். அதுவரை எவ்வளவு அமுக்கினாலும் அது கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது.

மெஷினின் ஓரத்தில் சர்வீஸ்காரர் ஒட்டிய ஸ்டிக்கர். போன மாதம் இரண்டாம் தேதி. அதுவரை எடுத்த படங்கள் 18,306. மெஷினுக்குள் படங்களைக் கணக்கிடும் ஓர் எண்ணி உண்டு. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் காட்டும் என்பது சர்வீஸ்காரருக்கும் அவளுக்கும்தான் தெரியும். அமுக்கினாள். 18,743. அதில் கடைசி ஒன்று அவளுடையது.

ஆக, 436. எக்ஸ்ரே பெண்ணின் பதிவேட்டை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினாள். சரியாக வராமல் திரும்ப எடுத்த படங்களைக்கூட அந்தப் பெண் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். எல்லாம் சேர்த்து 390.

நாற்பத்தாறு படங்களுக்கு நோயாளிகள் இல்லை.

நூற்றுப் பத்தை இரண்டு புள்ளி நாலால் வகுத்தாள். வந்த விடையைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

1.05.

வரவேற்பு மேசையில் இருந்தவளை எல்லோரும் டோக்கன் என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளிகளுக்கு எண் எழுதிய அட்டை கொடுப்பது அவள் வேலை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயையும் திறந்தே வைத்திருந்தாள்.

"சாப்பிடறீங்களா மேடம்? வேணாமா? சரி, கேளுங்க."

"மத்தியானம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் இங்க யார் இருப்பாங்க?"

"டாக்டர் மாடிக்குப் போய்க் கட்டையச் சாய்ச்சுடுவாரு. இடி விழுந்தாலும் ரெண்டு மணிக்குத்தான் இறங்குவாரு. நான் இங்க. எக்ஸ்ரே பொண்ணும் அவ நாத்தனார் ஆவியக்காவும் உள்ள."

"எக்ஸ்ரே வேலைக்கு உன் தங்கச்சி படிச்சிருக்காளாமே?"

டோக்கனின் கை டப்பாவுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "யார் சொன்னா? ஆமா, படிச்சிருக்கா. வேலையும் தேடறா. அதுக்காக? என்ன மேடம், என்னைப் பார்த்தா அடுத்தவ வயித்துல அடிக்கறவ மாதிரியா இருக்கு?"

"டாக்டர் சொன்னாரு. கேட்டேன், அவ்வளவுதான். போன மாசம் பதினேழாம் தேதி, அந்தப் பொண்ணு ஸ்கேனுக்குப் போன அன்னைக்கு, பேட்ஜ் எங்க இருந்துது?"

"என் தலைக்கு மேல, அந்த ஆணில. மாட்டிட்டுப் போனத நானே பார்த்தேன். அப்புறம் நான் எதுக்கு அண்ணாந்து பார்க்கறேன்?"

"அன்னைக்கு வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"அன்னைக்கா? காது போனதுதான் ஞாபகம். ஆவியக்காவோட மெஷின் இருக்குல்ல, ஆட்டோகிளேவ், கருவியெல்லாம் ஆவில வேகுமே, அது விடாமக் கத்திட்டே கிடந்துது. என் சோத்துல பாதி அந்தச் சத்தத்துலயே போச்சு. ஒரு தரம் துண்டு துண்டா, ஒரு தரம் நீட்டமா, பைத்தியம் பிடிச்ச மாதிரி."

"போய்ப் பார்க்கலையா?"

"அந்த ஆவின்னாலே எனக்குப் பயம் மேடம். டப்பாவ மூடிட்டு, சரி போய்த்தான் பார்ப்போமேன்னு எழுந்தேன், நின்னுடுச்சு."

1.30.

கருவி கழுவும் அறை சின்னது, கதகதவென்று இருந்தது. ஆவியக்கா சொரசொரப்பான தூரிகையால் ஒரு குறட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது. ஆட்டோகிளேவ் என்ற பெயர் வாயில் நுழையாத நோயாளிகள் வைத்த பெயர் அது. 'உயிரோட இருக்கும்போதே ஆவியாக்கிட்டாங்க' என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

மீட்டரம்மா கேட்பதற்கு முன்பே அவள் கேட்டாள். "மேடம், இனிமே அவள அந்த ரூமுக்குள்ள விட மாட்டீங்கல்ல?"

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"சும்மாதான். தம்பி பொண்டாட்டியாச்சே. சின்னக் கண்ணு அது, எதையும் சிரிச்சுக்கிட்டே செய்யும்." குறட்டைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். "வயித்துப் புள்ள நல்லா இருக்கும்ல மேடம்? இனிமே அங்க நிக்காம இருந்தாப் போதும்ல?"

"நீங்களும் அந்த ரூம்ல இருந்தீங்களாமே."

"அது ஆச்சு பதினஞ்சு வருஷம். பழைய மெஷின். சின்னப் புள்ளைங்க பிலிமக் கடிக்காது, துப்பிடும். விரல வெச்சுப் பிடிப்பேன். ஒரு நாளைக்குப் பத்து, பன்னெண்டு."

மீட்டரம்மா அந்த விரலைப் பார்த்தாள். நகத்தில் நெடுக நெடுகக் கோடுகள்.

"வெந்நீரும் சோப்பும்," என்று சொல்லிக் கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டாள் ஆவியக்கா.

பிப் பிப் பிப். ஆட்டோகிளேவ் கத்தியது. பேசிக்கொண்டிருந்த வார்த்தையை அப்படியே விட்டுவிட்டு அவள் திரும்பினாள். இரண்டாவது முறை கத்துவதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளிருந்து குப்பென்று ஆவி வந்தது.

"திறக்கற வரைக்கும் கத்தும், சனியன். ஆறினா ஈரம் கோத்துக்கும். ஈரத்துல கிருமி ஏறிடும். அதான், உடனே திறந்துடணும்."

மெஷினின் பக்கவாட்டிலிருந்து ஒரு காகிதத் துண்டு வழுவழுவென்று வெளியே வந்தது. வேகவைத்து முடிந்தது 1.38. கதவு திறந்தது 1.38. ஆவியக்கா அதைக் கிழித்து, ஒரு நோட்டில் தேதி போட்டு ஒட்டினாள். நோட்டு தடியாக இருந்தது. ஒவ்வொரு துண்டும் நேராக, ஓரம் பிசகாமல்.

"இந்த நோட்ட ஒரு மணி நேரம் கடன் குடுப்பீங்களா?"

"ஒரு வருஷத்துது இருக்கு மேடம், எல்லாம் பாருங்க," என்றாள் ஆவியக்கா. குரலில் பெருமை இருந்தது.

3.05.

டாக்டரின் அறையில் ஐந்து பேர். டாக்டர் தன் நாற்காலியில். எக்ஸ்ரே பெண் கதவோரம், நெஞ்சோடு கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. டோக்கன் சுவரில் சாய்ந்தபடி. ஆவியக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி. மீட்டரம்மா விளக்குப் பெட்டியை எரியவிட்டாள்.

குற்றவாளியைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு சந்தோஷம் வரும் என்பார்கள். நோட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து அவள் அதைத் தேடிக்கொண்டிருந்தாள், கிடைக்கவில்லை.

"முதல்ல உனக்குச் சொல்றேன்," என்று எக்ஸ்ரே பெண்ணைப் பார்த்தாள். "அந்த நூத்திப்பத்து உன் உடம்புல படல. பேட்ஜுல மட்டும்தான் பட்டுது."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் டாக்டர்.

"இந்த நிழலப் பாருங்க. கத்தி மாதிரி விளிம்பு. பேட்ஜப் போட்டுக்கிட்டு ஒருத்தர் ஒரு மாசம் நடப்பாங்க, குனிவாங்க, திரும்புவாங்க. கதிர் பல பக்கத்துலேர்ந்து வரும், நிழல் கலங்கிப்போயிடும். இது கலங்கல. பேட்ஜ் அசையாம ஒரே இடத்துல கிடந்திருக்கு, குழலுக்கு நேரா. இது ஒண்ணு. இன்னொண்ணு, இந்த வளைவு. இது கிளிப்போட நிழல். கிளிப் பேட்ஜுக்குப் பின்னால, சட்டைப் பக்கம் இருக்கறது. அதோட நிழல் விழணும்னா கதிர் பின்பக்கத்துலேர்ந்து வரணும். பேட்ஜ் இவ மேல இருந்திருந்தா, கதிர் முதுகுல நுழைஞ்சு நெஞ்சு வழியா வெளிய வரணும். அப்படி வந்தா நிழல் புகை மாதிரிதான் இருக்கும், இப்படி அச்சுல வார்த்த மாதிரி இருக்காது."

டோக்கன் மெல்ல, "அப்ப யாரோ வேணும்னே…" என்றாள்.

"நாப்பத்தாறு தடவை. மெஷினோட எண்ணில நாப்பத்தாறு கூட இருக்கு. ஒரு தடவைக்கு ரெண்டு புள்ளி நாலு. பெருக்கினா நூத்திப்பத்து. ரெண்டு தடவைக்கு நடுவுல மெஷின் அரை நிமிஷம் ஆறணும். ஆக, இருபத்திமூணு நிமிஷம் யாரோ அந்தக் கதவுப் பக்கம் தனியா நின்னிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் மெஷின் நீட்டமா ஒரு சத்தம் போடும். நாப்பத்தாறு சத்தம். வரவேற்புல உட்கார்ந்தவளுக்குக் கேக்காமலா இருக்கும்?"

"எனக்குக் கேக்கல மேடம், சத்தியமா," என்றாள் டோக்கன்.

"கேட்டுது. நீதான் சொன்னே. ஒரு தரம் துண்டு துண்டா, ஒரு தரம் நீட்டமா. துண்டா கத்தினது ஆட்டோகிளேவ். நீட்டமா கத்தினது எக்ஸ்ரே. ஒரு சத்தத்த மறைக்க இன்னொரு சத்தம்." மீட்டரம்மா நோட்டைத் திறந்தாள். "இதுல ஒரு வருஷத்துத் துண்டுகள் இருக்கு. வேக வெச்சு முடிஞ்ச நிமிஷமும் கதவு திறந்த நிமிஷமும் ஒண்ணாத்தான் இருக்கும், இல்ல ஒரு நிமிஷம் தள்ளி. ஒரே ஒரு நாள் தவிர. போன மாசம் பதினேழு. முடிஞ்சது 1.14. திறந்தது 1.41. மனசு வராமத்தான் ஒட்டியிருப்பீங்க அக்கா. ஆனா ஒட்டாம விடவும் மனசு வரல, இல்ல?"

யாரும் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இல்லை.

ஆவியக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"அண்ணி?" என்றாள் எக்ஸ்ரே பெண். அது கேள்வியாகக்கூட இல்லை.

"நான் இவர்கிட்ட வந்து கேட்டேன்," என்றாள் ஆவியக்கா, டாக்டரைப் பார்க்காமல். "அவள மாத்துங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. வெயில்ல நிக்கற மாதிரின்னு சொன்னாரு. எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் சொன்னாரு. எனக்கு ஏழாம் மாசம் போச்சு. அப்ப உதவிக்கு நிக்கறவங்களுக்கு பேட்ஜே கிடையாது. எனக்கு எவ்வளவு பட்டுதுன்னு யாருக்கும் தெரியாது. கேட்டா, அதெல்லாம் இருக்காதும்மாங்கறாங்க. நம்பர் இருந்தாத்தானே இவங்க நம்புவாங்க? அதான் ஒரு நம்பர் செஞ்சு குடுத்தேன்."

"நாப்பத்தாறு தடவையா?" என்றார் டாக்டர்.

"நான் எண்ணல. கொஞ்சமா போட்டா மறுபடியும் சிரிப்பீங்க. டோக்கன் டப்பாவ மூடற சத்தம் கேக்கற வரைக்கும் அமுக்கினேன்." எக்ஸ்ரே பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நாலு நாள் அழுவே, அப்புறம் புள்ள முகத்தப் பார்த்தா நீ மறந்துடுவேன்னு நெனச்சேன் கண்ணு. வேற எதுவும் எனக்குத் தோணல."

"இன்னைக்கு நாலு மணிக்கு இவ ஆஸ்பத்திரிக்குப் போறா," என்றாள் மீட்டரம்மா. சொல்லித்தான் ஆக வேண்டும். இதை மெதுவாகச் சொல்ல வழி கிடையாது. "அந்த நம்பரப் பார்த்துட்டு, புள்ள வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தாங்க."

ஆவியக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டோக்கன் ஓடி வந்து தோளைப் பிடித்தாள். எக்ஸ்ரே பெண் மட்டும் கதவோரத்திலேயே நின்றாள். அவள் முகத்தில் கோபம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. கடைசியில் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"நான்தாங்க. வர வேணாம். இல்ல, இல்ல, அழல. வீட்டுக்கு வந்து சொல்றேன். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, வரலைன்னு சொல்லிடுங்க. ஆமா, வரலைன்னுதான்."

3.20.

"இவங்க இனிமே ஒரு நிமிஷம் இங்க இருக்கக் கூடாது," என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"என் ரிப்போர்ட்ல எல்லாம் இருக்கும் டாக்டர். அவங்க செஞ்சதும் இருக்கும். ஒரு கர்ப்பிணிக்காக வந்து கேட்டப்ப, அளந்து காட்டாம நீங்க சிரிச்சதும் இருக்கும். அளந்து காட்ட அஞ்சு நிமிஷம் போதும். அந்த அஞ்சு நிமிஷத்த இப்ப நான் செலவு பண்ணப் போறேன்."

அவள் குனிந்து ஆவியக்காவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

3.45.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே, சுவருக்குப் பின்னால், அந்தப் பெண் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஆவியக்காவை நிறுத்தினாள். அளவுமானியை அவள் கையில் கொடுத்து, வயிற்றுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள்.

"முள்ளப் பாருங்க."

சுவிட்சை அமுக்கினாள். பீ…ப். முள் அசையவில்லை.

"கெட்டுப்போயிருக்கும்," என்றாள் ஆவியக்கா.

மீட்டரம்மா அதை வாங்கி, உள்ளே கொண்டுபோய்க் குழலுக்கு முன் வைத்துவிட்டு வந்தாள். கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்லி மறுபடி அமுக்கினாள். முள் ஒரே தாவாகத் தாவி அந்தக் கோடிக்குப் போனது. திரும்ப எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். அமுக்கினாள். முள் பூஜ்யத்தில் தூங்கியது.

"இன்னொரு தரம்," என்றாள் ஆவியக்கா.

அரை நிமிடம் காத்திருந்து அமுக்கினாள்.

"இன்னொரு தரம்."

ஐந்தாவது முறைக்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மானியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாள். "அப்ப, என் காலத்துல?"

மீட்டரம்மா அந்தக் கேள்விக்குத்தான் மத்தியானத்திலிருந்து பயந்துகொண்டிருந்தாள். விரலில் பட்டது வேறு, வயிற்றில் பட்டது வேறு. பழைய மெஷினாகவே இருந்தாலும் அவ்வளவு தூரம் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவளுக்குத் தெரிந்த கணக்கு அதைத்தான் சொன்னது. ஆனால் மிகக் குறைவு என்பதை இந்தப் பெண்ணின் கையில் எப்படி வைப்பது? டாக்டரும் அதைத்தானே சொல்லியிருந்தார், கொஞ்சம் சிரிப்போடு?

"பெரும்பாலும் அதனால இருக்காதுக்கா. ஆனா அப்ப சுவர் இல்ல, மீட்டரும் இல்ல. நான் அளக்கல. அளக்காதத இல்லவே இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஆவியக்கா தலையாட்டினாள். பதினைந்து வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் நேரான பதில் அது.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் மீட்டரம்மா. "இது ரிப்போர்ட்டுக்கு இல்ல. எல்லாரும் பேட்ஜக் கிளிப் கீழ, படம் மேலன்னுதான் வைப்பாங்க. நீங்க ஏன் குப்புற வெச்சீங்க?"

"அதுல அவ முகம் இருக்குல்ல," என்றாள் ஆவியக்கா. "சிரிச்சுக்கிட்டு இருந்துது. அது மேல எப்படி மேடம் அமுக்கறது?"

பக்கத்து அறையில் ஆட்டோகிளேவ் கத்தியது. பிப் பிப் பிப். ஆவியக்கா அசையவில்லை. கையில் மானி இருந்தது. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அரை நிமிடம் கழித்து அது மறுபடி கத்தியது.

நடையில் செருப்புச் சத்தம். எக்ஸ்ரே பெண் அவர்களைத் தாண்டிப் போனாள், நாத்தனாரைப் பார்க்காமலே. கருவி கழுவும் அறைக் கதவு திறந்தது. பிறகு ஆட்டோகிளேவின் கதவு. சத்தம் நின்றது.

"ஈரம் கோத்துக்கும்னு சொல்லுவீங்கல்ல," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அதில் கோபம் இன்னும் இருந்தது. "வந்து எடுத்து அடுக்குங்க அண்ணி. இவ்வளவு சூட்ட நான் தொடக் கூடாது."

ஆவியக்கா மானியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

காகிதத் துண்டில் முடிந்த நேரம் 3.58 என்று இருந்தது. கதவு திறந்த நேரம் 4.00.